எம் பிள்ளைகளின் குரலை அளக்கும் கோல் எவர் கையில்?

புலம்பெயர்ந்த மண்ணிலே தமிழைக் காப்பது பற்றி நாம் முழங்காத மேடையில்லை. அத்தகைய மேடையொன்றிலிருந்தே ஒரு பிள்ளையைத் தமிழைவிட்டுத் துரத்திய கதையை, அதில் எனக்கிருந்த பங்கையும் மறைக்காது, இங்கு எழுத விரும்புகின்றேன். கதை ஒரு பிள்ளையோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இலண்டனில் ஆண்டுதோறும் இது நடக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வாடகைக்கு எடுக்கப்பட்ட பாடசாலை மண்டபமொன்றில், எம்மவரின் அமைப்பொன்று தனது ஆண்டு விழாவில் பாடுவதற்கு மாணவர்களைத் தெரிவு செய்யும் குரல் தேர்வை நடத்தியது. நான் இசை கற்றவன் அல்லன். பொறியியல் படித்துக் கணினித் துறையில் தொழில் புரிபவன். நடுவர்கள் தாளில் இடும் புள்ளிகளைக் கணினியில் ஏற்றிக் கூட்டிக் கொடுப்பதே எனக்கு ஒப்படைக்கப்பட்ட தொண்டு. 10 மணிக்கு என்று அறிவிக்கப்பட்ட தேர்வு 11.30 மணிக்குத் தொடங்கியது. (இதைப் படித்து எவரும் வியப்படைய மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.) பிற்பகல் 2 மணியளவில் 11 வயதுச் சிறுமியொருத்தி மேடையேறினாள். காலையிலிருந்து காத்திருந்தவள். பாடினாள். ஒரு சொல்லில் ழகரம் வழுக்கியது. அடுத்த அடியில் அதே எழுத்து மீண்டும் வழுக்கியது. நடுவர்களுள் ஒருவர் ஒலிவாங்கியை அருகில் இழுத்து, "என்ன பிள்ளை, வீட்டில தமிழ் கதைக்கிறேல்லையோ?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது.

நானும் சிரித்தேன்.

அச்சிறுமியின் சுருதி சேர்ந்திருந்ததா, தாளம் பிசகியதா, எந்த இடத்தில் அவள் குரல் அழகாக இருந்தது என்பவற்றுள் ஒன்றுகூட அவளுக்குச் சொல்லப்படவில்லை. மாலையில் தெரிவானோர் பட்டியலைச் சுவரில் ஒட்டினோம். அவளது பெயர் அதில் இல்லை. கணினியில் வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தி, கோட்டுக்குக் கீழே இருந்த பெயர்களை நீக்கியவன் நான்தான். அவளது தாயார் என்னிடம் வந்து, "தம்பி, எதில குறைஞ்சது எண்டு சொன்னால் வீட்டில திருத்தலாம்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் இருந்ததோ வெறும் ஒரு கூட்டுத்தொகை. அடுத்த தவணையில் அப்பிள்ளை சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கும் வரவில்லை. அன்றைய சிரிப்புத்தான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆயினும் வேறொரு காரணத்தைத் தேடிப் பிடித்து என் மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் என்னால் இயலவில்லை.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அந்த நடுவரின் இசையறிவை நான் கேள்விக்கு உட்படுத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைப் படிப்படியாகக் கடந்து கலாவித்தகர் பட்டம் பெற்றவர்களும், தமிழ்நாட்டில் குருகுலமாகப் பயின்றவர்களும் இந்நகரில் எமது பிள்ளைகளுக்குக் கற்பித்து வருவது எமது பேறு. ஆனால் பாடத் தெரிவது ஒரு கலை. கற்பிக்கத் தெரிவது வேறொரு கலை. பிறர் பாடுவதை நடுநிலையோடு மதிப்பிட்டு அந்த மதிப்பீட்டைப் பாடியவருக்கே பயன்படும் வகையில் எடுத்துரைப்பது மூன்றாவது கலை. முதலிரண்டுக்கும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி கேட்கும் நாம், மூன்றாவதற்கு ஒரு பொன்னாடை மட்டும் போதும் என்று நினைப்பதுதான் கோளாறு.

குரல் தேர்வு என்னும் சொல்லே எம் பெற்றோரின் தலைமுறைக்கு வானொலியிலிருந்து வந்த சொல். அந்த வானொலியின் வரலாற்றிலேயே எமக்கான பாடம் ஒன்று கிடக்கின்றது. 1952 ஆம் ஆண்டு இலங்கை வானொலி தனது பாடகர்களைத் தரம் பிரிப்பதற்கு இந்தியாவின் இலக்னோவிலிருந்து எஸ்.என். இரத்தன்ஜங்கர் என்னும் பேரறிஞரை வரவழைத்தது. வட இந்திய இசையில் அவரது புலமையை மறுப்பார் எவருமில்லை. ஆனால் சிங்கள மெல்லிசையின் முன்னோடிகளுள் ஒருவரான சுனில் சாந்த அந்தத் தேர்வுக்குத் தோற்ற மறுத்துவிட்டார். இத்தனைக்கும் அவரே இலக்னோ சென்று அந்த இசையை முறையாகப் பயின்று பட்டம் பெற்றவர். தேர்வுக்கு அஞ்சியவர் அல்லர். தாம் உருவாக்கும் இசையை அளப்பதற்கு அந்தக் கோல் பொருந்தாது என்பதே அவரது வாதம். விளைவு, புகழின் உச்சியில் இருந்த அக்கலைஞருக்கு வானொலியின் கதவு அடைபட்டது. அதே காலப்பகுதியில் இந்தியாவிலும், பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது, அனைத்திந்திய வானொலி கொண்டுவந்த குரல் தேர்வு முறைக்கு எதிராக இசைக்கலைஞர்கள் கிளர்ந்தெழுந்தனர்.

இவ்விரு நிகழ்வுகளிலும் நடுவர் அறிவற்றவர் அல்லர். எதை அளக்கப் போகின்றோம், எந்தக் கோலால் அளக்கப் போகின்றோம் என்பதில் அளப்பவருக்கும் அளக்கப்படுபவருக்கும் இடையே உடன்பாடு இருக்கவில்லை. 70 ஆண்டுகள் கடந்தும் எமது மண்டபங்களில் அந்த உடன்பாடு இல்லை. தேர்வு அறிவித்தலில் "ஏதாவது ஒரு தமிழ்ப் பாடல்" என்று போடுகின்றோம். ஒரு பிள்ளை திரைப்பாடலையும், இன்னொன்று கீர்த்தனையையும், வேறொன்று தாயகப் பாடலையும் பாடுகின்றன. மூன்றையும் கருநாடக இசை வகுப்பின் காதுகொண்டே கேட்டுவிட்டு, "கமகம் போதாது" என்று திரைப்பாடல் பாடிய பிள்ளைக்கு எழுதுகின்றோம். கமகத்துக்குப் புள்ளி உண்டென்றால் அதை அறிவித்தலிலேயே அச்சிட்டிருக்க வேண்டாமா?

உச்சரிப்புக்கு வருவோம். அதிகமான பிள்ளைகள் காயப்படுவது அங்கேதான். ஆறு வயதிலிருந்து நாள் முழுவதும் ஆங்கிலத்தில் மூச்சுவிடும் பிள்ளைக்கு ழகர, ளகர, ணகர வேறுபாடு தானாக வந்துவிடாது. நாவுக்குப் பயிற்சி வேண்டும். அது திருத்தக்கூடிய குறை. புள்ளி குறைப்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. ஆனால் எல்லாத் திருத்தமும் திருத்தமாக இருப்பதில்லை. "காற்று" என்ற சொல்லைத் தன் அம்மம்மாவிடம் கேட்டபடி யாழ்ப்பாணத்து ஒலியில் பாடிய சிறுவனை, ரகரம் கலந்து தமிழ்நாட்டில் ஒலிப்பது போல ஒலிக்கவில்லை என்பதற்காக ஒரு நடுவர் மேடையிலேயே நிறுத்தித் திருத்தியதை நான் கண்டிருக்கின்றேன். அந்த இரட்டை றகரத்தின் பழைய ஒலிக்கு யாழ்ப்பாணத்தாரின் நாவே நெருக்கமானது என்று மொழியியலாளர் சொல்வர். தன் வீட்டுத் தமிழ் பிழை என்று அறிந்துகொண்டு அந்தச் சிறுவன் வீடு சென்றான். அம்மம்மாவுக்கு அதை எப்படிச் சொல்லியிருப்பான்?

இனி, எனக்குத் தெரிந்த துறைக்கு வருகின்றேன்: எண்கள். மூன்று நடுவர்கள், ஒவ்வொருவரும் 100 புள்ளிகளுக்கு மதிப்பிடுகின்றனர். கூட்டுத்தொகை மிகுந்தவர் தெரிவாகின்றார். இதைவிட நேர்மையான முறை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். முதற் பிள்ளைக்கு மூவரும் முறையே 90, 72, 71 இடுகின்றனர், கூட்டினால் 233. இரண்டாம் பிள்ளைக்கு 60, 78, 77, கூட்டினால் 215. முதற் பிள்ளை வென்றுவிட்டது. ஆனால் மூன்று நடுவர்களில் இருவர் இரண்டாம் பிள்ளையே சிறந்தது என்று கருதியுள்ளனர்! தாராளமாக ஏற்றியும் இறக்கியும் புள்ளியிடும் ஒருவர், எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையே அடக்கமாகப் புள்ளியிடும் இருவரைத் தன்னந்தனியே தோற்கடித்துவிட்டார். இது சூழ்ச்சியாக இருக்க வேண்டியதில்லை; அவரது பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் சூழ்ச்சி செய்ய விரும்புபவருக்கு இதைவிட இலகுவான வழி கிடையாது. ஒவ்வொரு நடுவரின் புள்ளிகளையும் தரவரிசையாக மாற்றிக் கூட்டினாலோ, மூன்று புள்ளிகளில் நடுவிலுள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டாலோ இந்தத் தீமை பெரும்பாலும் நீங்கும். எடுத்துக்காட்டில் நடுப்புள்ளிகள் 72, 77. முடிவு தலைகீழாகின்றது. இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வேண்டாம். அட்டவணையில் ஒரு சூத்திரத்தை மாற்றினால் போதும். பல ஆண்டுகளாக அந்த அட்டவணையைத் தயாரித்து வந்த நானே அதை மாற்ற நினைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கின்றேன்.

பாடும் வரிசையும் முடிவை மாற்றுகின்றது. பெல்ஜியத்தின் எலிசபெத் அரசி இசைப்போட்டி உலகப் புகழ் வாய்ந்தது. நடுவர்கள் எல்லோரும் மேதைகள். வாசிக்கும் வரிசை சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படுவது. அதன் முடிவுகளை ஆராய்ந்து புளோரஸ், கின்ஸ்பர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் 1996 இல் வெளியிட்ட கட்டுரை, முதல் நாளில் வாசித்தவர்கள் தரவரிசையில் பின்தங்கும் போக்கைக் காட்டியது. சீட்டு எவ்வாறு விழுந்தது என்பதற்கும் திறமைக்கும் என்ன தொடர்பு? அங்கேயே அப்படியென்றால், 11.30 மணிக்கு முதலாவதாகப் பாடிய பிள்ளைக்கு "இன்னும் எத்தனையோ பேர் வரவிருக்கின்றார்கள்" என்று கையை இறுக்கிப் புள்ளியிட்டு, மூன்று மணிக்குக் களைப்பிலும் தேநீர் மயக்கத்திலும் தாராளமாகும் எமது மண்டபத்தில் எப்படி இருக்கும்? போட்டியில் சேராத ஒருவரை முதலில் பாடவைத்து, நடுவர் மூவரும் அவருக்குப் புள்ளியிட்டு, ஏன் அவ்வாறு இட்டோம் என்று தமக்குள் கலந்து பேசிவிட்டுத் தேர்வைத் தொடங்கினால் பாதி வழு அங்கேயே தீரும். அதன்பின் ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளியிட வேண்டும். மூத்தவர் தலையசைப்பதைப் பார்த்து இளையவர் எண்ணை அழித்து எழுதும் காட்சியை நான் நடுவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து பலமுறை பார்த்திருக்கின்றேன்.

எல்லாவற்றிலும் பெரிய சங்கடம், ஆசிரியரே நடுவராக அமர்வது. இலண்டனில் இசையாசிரியர்களின் எண்ணிக்கை குறைவு. ஹரோவில் கற்பிப்பவரை ஈஸ்ற்ஹாமில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒவ்வொரு நடுவருக்கும் முன்னால் அவரது மாணவரோ அவரது போட்டி ஆசிரியரின் மாணவரோ வந்து நிற்பது தவிர்க்க முடியாதது. தவிர்க்க முடியாததை ஒளிக்கவாவது வேண்டாமே! "இப்பிள்ளை எனது மாணவி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளைக்கு மட்டும் புள்ளியிடாது விலகியிருப்பதில் என்ன இழிவு இருக்கின்றது? விழாவுக்கு நிதியுதவி அளிக்கும் வர்த்தகரின் பிள்ளை பாடும்போது ஏற்பாட்டாளர் ஓடிவந்து நடுவரின் காதில் பெயரைச் சொல்வதைப் பற்றி நான் விரித்து எழுதத் தேவையில்லை. படிக்கும் உங்களில் பாதிப்பேர் அதைக் கண்டவர்கள்.

பெயரை மறைத்து இலக்கம் கொடுப்பதும், முதற்சுற்றில் திரைக்குப் பின்னால் நின்று பாடவைப்பதும் புதுமை அல்ல. இரத்தன்ஜங்கர் கொழும்பில் குரல் தேர்வு நடத்திய அதே 1952 இல், அமெரிக்காவின் பொஸ்ரன் சிம்பொனி இசைக்குழு வாத்தியக்காரர்களைத் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தெரிவு செய்யத் தொடங்கியது. காலணியின் ஓசை ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் தரையில் கம்பளம் விரித்த குழுக்களும் உண்டு. பிற இசைக்குழுக்களும் இம்முறையைப் பின்பற்றியதால் பெண்களுக்கு வாய்ப்புப் பெருகியது என்று கிளாடியா கோல்டின், சிசிலியா ரவுஸ் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வு புகழ்பெற்றது. அதன் புள்ளியியல் உறுதி பற்றிப் பின்னாளில் ஐயம் எழுப்பியவர்களும் உளர். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், பட்டுப் பாவாடையும் சரிகையும் அணிந்து வரும் பிள்ளைக்கும் பாடசாலைச் சீருடையிலேயே ஓடிவரும் பிள்ளைக்கும் எமது கண்கள் ஒரே புள்ளி இடுகின்றனவா என்பதை நாம் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டும். 2013 இல் சியா-ஜங் சாய் என்னும் ஆய்வாளர் இன்னும் சங்கடமான ஒன்றைக் கண்டறிந்தார். இசைப் போட்டிகளின் ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட, ஒலியில்லாத காணொளியை மட்டும் பார்த்தவர்களே வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்லர். காதுகொண்டு தீர்ப்பிடுகின்றோம் என்று நம்புபவர்கள் கண்ணால் தீர்ப்பிட்டுக் கொண்டிருக்கின்றார்கள். மேடையில் நிற்கும் பாங்கும் பாடகருக்கு வேண்டியதே என்பீர்கள். ஏற்கின்றேன், அதை இறுதிச்சுற்றில் பாருங்கள்.

சுருதி பற்றியும் ஒரு சொல். கராவோக்கே இசைத்தட்டுக்குப் பாட வேண்டும் என்று விதிக்கும்போது, அந்தத் திரைப்பாடகர் பாடிய கட்டையிலேயே பிள்ளையும் பாட வேண்டியதாகின்றது. பெண்குரல் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் ஆண்குரல் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் இயல்பாக நிற்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். அப்படியிருக்க, 13 வயதில் குரல் உடையும் சிறுவனை மற்றவரின் கட்டையில் நிறுத்தி "மேல் ஸ்தாயி எட்டவில்லை" என்று எழுதுவது எவ்வகையில் நீதி? அவன் தொண்டை வளர்கின்றது. அது நோயுமல்ல, குற்றமுமல்ல. இத்தகைய வயதில் வெளியே அனுப்பப்பட்ட சிறுவர்களுள் எத்தனை பேர் திரும்பிப் பாட வந்தார்கள்? எமது பாட்டு வகுப்புகளில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள், விடை தெரியும்.

இவற்றைச் சொல்லும் போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் மறுமொழிகள் பழகிப்போனவை. "நாங்கள் அடிவாங்கிப் படித்தோம், கெட்டா போனோம்?" என்பது முதலாவது. அடிவாங்கிப் படிப்பை விட்டவர்கள் இந்த விவாதத்துக்கு வருவதில்லை என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். மேலும், யாழ்ப்பாணத்தில் பாட்டை விட்ட பிள்ளைக்குத் தமிழ் எஞ்சியிருந்தது. வீதி முழுவதும் தமிழ். இலண்டனில் பாட்டை விடும் பிள்ளைக்கு எஞ்சுவது என்ன?

"பெரியவர்களின் தீர்ப்புக்குக் காரணம் கேட்பது மரியாதைக் குறைவு" என்பது அடுத்தது. காரணம் எழுதாத தீர்ப்பை இந்நாட்டின் எந்த நீதிமன்றமாவது ஏற்குமா? சட்டத்தின் கதையே வேறு: 2018 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கணினியில் பதியப்பட்ட தமது புள்ளிகளையும் தம்மைப் பற்றிய குறிப்புகளையும் கேட்டுப் பெற எவருக்கும் உரிமையுண்டு. அந்தத் தாயார் என்னிடம் கெஞ்சிக் கேட்டதை அவர் சட்டப்படியே கேட்டிருக்கலாம். நல்லவேளை, எம் பெற்றோர் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை.

இன்னொரு மறுமொழி இதற்கு நேர் எதிரானது; இப்போது அதுவே அதிகம் கேட்கின்றது. "எல்லாப் பிள்ளைகளும் நன்றாகப் பாடினார்கள்" என்று அறிவித்து, எல்லோருக்கும் ஒரே கிண்ணம், ஒரே சான்றிதழ், ஒரே புகைப்படம். இதையும் நான் ஏற்கவில்லை. சுருதி சேராத பிள்ளையிடம் சேர்ந்தது என்று சொல்வது அன்பன்று, சோம்பல். அப்பிள்ளை அடுத்த ஆண்டும் அதே பிழையோடு வரும். அப்போது யாரோ ஒருவர் ஒலிவாங்கியை இழுப்பார். பிள்ளைகள் மூடர்கள் அல்லர். எல்லோருக்கும் கிடைக்கும் கிண்ணத்தின் எடை அவர்களுக்குத் தெரியும்.

எம் பிள்ளைகளுக்கு வேறொரு அனுபவமும் இருப்பதால்தான் இந்த இரண்டையும் அவர்கள் பொறுப்பதில்லை. அவர்களுள் பலர் பியானோவோ வயலினோ கற்று, 1889 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட அரச இசைக்கல்லூரிகளின் இணைந்த தேர்வுச் சபையின் தரப் பரீட்சைகளுக்குத் தோற்றுகின்றார்கள். அங்கு மொத்தம் 150 புள்ளிகள்; 100 பெற்றால் சித்தி, 120 பெற்றால் திறமைச் சித்தி, 130 பெற்றால் அதிதிறமைச் சித்தி. எதற்கு எத்தனை புள்ளி, எந்தத் தன்மை இருந்தால் எத்தனை என்பது முன்கூட்டியே அச்சில் இருக்கின்றது. தேர்வாளர் பயிற்சி பெற்றவர். சித்திக்குரிய புள்ளியில் தொடங்கி, கேட்டதற்கேற்ப ஏற்றியோ இறக்கியோ செல்வது அவர்களின் முறை. பூச்சியத்திலிருந்து பிச்சை போடுவதோ நூறிலிருந்து பிடுங்குவதோ இல்லை. முடிவு வரும்போது ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே எது நன்றாக இருந்தது, எது தளர்ந்தது என்ற எழுத்துக் குறிப்பும் வரும். எனது மகன் ஒருமுறை சித்தியடையவில்லை. வருந்தினான். ஆனால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் காட்டினான். அடுத்த முறை சித்தியடைந்தான். அந்நிய இசையில் தோற்ற பிள்ளைக்குக் கையில் ஒரு தாள் கிடைக்கின்றது; தாய்மொழிப் பாட்டில் தோற்ற பிள்ளைக்கு ஒரு சிரிப்புக் கிடைக்கின்றது.

எமது ஏற்பாட்டாளர்கள் அந்தச் சபையைப் பார்ப்பதில்லை, தொலைக்காட்சியைப் பார்க்கின்றார்கள். 2015 இல் கனடாவிலிருந்து சென்ற எம் பிள்ளையொருத்தி விஜய் தொலைக்காட்சியின் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றபோதும், 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிசா ஜீ தமிழின் சரிகமப சிறுவர் போட்டியில் வாகை சூடியபோதும் நானும் மகிழ்ந்தவன்தான். ஆனால் தொலைக்காட்சிக்கு வேண்டியது காட்சி. நடுவரின் மௌனம், பிள்ளையின் கண்ணீர், தாயின் முகம் என்று ஒளிப்படக்கருவி அலைவது விளம்பரத்துக்காக. விளம்பரதாரரும் இல்லாத எங்கள் மண்டபத்தில் அந்த மௌனத்தை எதற்காக நடிக்கின்றோம்?

நேரமில்லை என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். 60 பிள்ளைகள், ஆளுக்கு 4 நிமிடம் என்றால் 4 மணித்தியாலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பு எழுத மேலும் 1 நிமிடம் என்றால் கூடுவது 1 மணித்தியாலம். அன்று நாம் தாமதமாகத் தொடங்கியதில் இழந்தது ஒன்றரை மணித்தியாலம். பிரதம விருந்தினர் உரையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

குறிப்பில் என்ன எழுதுவது? எனது தொழிலில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பரிசீலிக்காது ஏற்பதில்லை. பரிசீலிப்பவர் "இது சரியில்லை" என்று மட்டும் எழுதினால் கேள்வி அவர் மீதே திரும்பும்: எந்த வரி? ஏன்? எப்படி மாற்றலாம்? எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று அங்கே எவரும் எழுதுவதில்லை; எழுதினால் வேலை போய்விடும். பாட்டுக்கும் இதுவே பொருந்தும். "சுருதி சரியில்லை" என்பது குறிப்பன்று. "சரணத்தின் இரண்டாவது அடியில் மேலே ஏறும்போது சுருதி தாழ்கின்றது, மூச்சு முடிந்துவிடுவதே காரணம், அடியின் தொடக்கத்தில் மூச்செடுத்துப் பழகவும்" என்பது குறிப்பு. "குரல்வளம் இல்லை" என்பதை எந்தப் பிள்ளைக்கும் எழுதக் கூடாது. அதை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும், வேறு தொண்டை வாங்குமா? "நன்று, தொடர்ந்து முயல்க" என்பதும் அதே அளவுக்குப் பயனற்றது. ழகரம் வழுக்கிய அந்தச் சிறுமிக்கு, "நாவின் நுனியை மேலே வளைத்து, அண்ணத்தைத் தொடாது நிறுத்திச் சொல்லிப் பார், வாழை, மழை, பழம் என்று நாளும் பத்து முறை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அவளது அம்மா கேட்டது அதைத்தானே?

இவ்வாண்டுத் தேர்வுக்கும் அட்டவணை தயாரித்துத் தரும்படி அதே அமைப்பினர் என்னைக் கேட்டுள்ளனர். தயாரித்துவிட்டேன். அதில் பெயருக்கு இடமில்லை, இலக்கத்துக்கு மட்டுமே உண்டு. "எனது மாணவர்" என்ற கட்டத்தில் நடுவர் அடையாளமிட்டால் அவரது புள்ளி கணக்கில் சேராது. கூட்டுத்தொகைக்குப் பதில் நடுப்புள்ளி வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே, நன்றாக இருந்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று, திருத்தும் வழி ஒன்று என மூன்று வெற்றுப் பெட்டிகள் உள்ளன. கடைசிப் பிள்ளையின் கடைசிப் பெட்டி நிரம்பும்வரை தெரிவானோர் பட்டியல் திரையில் தோன்றாதவாறு அமைத்திருக்கின்றேன். அனுப்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. பழைய அட்டவணையையே அனுப்ப முடியுமா என்று கேட்டு நேற்றிரவு ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அதை அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.